சப்மிஷனுக்கும் ஜூரிக்கும் நடுவில் இரண்டு இரவுகள் வேண்டும்

கட்டடக்கலை, வடிவமைப்புத் துறையின் ஸ்டுடியோ ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், வெளியிலிருந்து ஜூரிக்கு வருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணையை நீங்கள் போடும் நேரம் இது. அதில் ஒரே ஒரு மாற்றம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். இறுதி சப்மிஷனையும் (வேலையை ஒப்படைப்பது) இறுதி ஜூரியையும் (மதிப்பிடும் குழுவின் முன் மாணவர் தன் வேலையை விளக்குவது) ஒரே காலையில் வைக்காதீர்கள். ஷீட்டுகளும் (வரைபடத் தாள்கள்) மாடலும் ஒரு மாலையில் உங்கள் கைக்கு வந்துவிடட்டும். இரண்டு இரவுகள் கழித்து ஜூரி நடக்கட்டும். இடையில் யாரும் எதையும் திருத்தக் கூடாது, சேர்க்கவும் கூடாது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் திறந்த மடலா என்று தோன்றலாம். வகுப்புப் பிரதிநிதிகள் இதை நேரில் சொல்லும்போதெல்லாம் "நாங்களும் இப்படித்தான் படித்தோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலுக்குப் பிறகு மரியாதையாகப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் காரணங்களை முழுதாக எழுதி, எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன்.

ஜூரி நாள் உங்களுக்குக் காலையில் தொடங்குகிறது. எங்களுக்கு அது முந்தைய நாள் காலையிலேயே தொடங்கி, இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி கட்டடத்தின் படத்தை உருவாக்கி முடிக்க, அதாவது ரெண்டருக்கு, விடியும்வரை காத்திருப்போம். ஃபைலை பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு பெரிய தாளில் அச்சிடும் பிளாட்டரின் வரிசையில் நிற்போம். ஏ1 தாள் வெளியே வந்த பிறகுதான் சுவர்க் கோடும் ஃபர்னிச்சர் கோடும் ஒரே கனத்தில் இருப்பது கண்ணில் படும் (லைன்வெயிட், அதாவது கோட்டின் கனம், எப்போதும் அன்றைக்குத்தான் காலை வாரும்). திரும்பவும் வரிசை. இதற்கிடையே மாடலில் ஒட்டிய கூரை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். ஷீட்டைச் சுவரில் குத்தி முடிப்பதற்கும் முதல் பெயரைக் கூப்பிடுவதற்கும் சரியாக இருக்கும்.

அப்புறம் அந்த மாணவர் பேசத் தொடங்குகிறார். கேள்வி வருகிறது: "படிக்கட்டை வடக்குப் பக்கம் வைத்துவிட்டு வாசிப்பறையை ஏன் மேற்கு வெயிலில் விட்டீர்கள்?" நியாயமான கேள்வி. சில வாரங்களுக்கு முன் அவரே அதை யோசித்து, டிரேசிங் தாளில் மாற்று பிளான்கள் போட்டுப் பார்த்து, ஒரு காரணத்தோடுதான் அந்த முடிவுக்கு வந்திருப்பார். அந்தக் காரணம் அந்த நிமிடத்தில் வாய்க்கு வராது. "அது வந்து... சைட்டில் என்னவென்றால்..." என்று இழுப்பார். நீங்கள் "யோசிக்கவில்லை" என்று குறித்துக்கொள்வீர்கள். அவர் யோசித்திருக்கிறார். தூங்கத்தான் இல்லை.

பேசும்போது நடக்கும் இழப்பைவிடக் கேட்கும்போது நடக்கும் இழப்பு பெரியது. ஐந்து பேர், அதில் இருவர் தொழிலில் பல காலம் இருந்தவர்கள், ஒருவருடைய செக்‌ஷனை (கட்டடத்தை வெட்டி உள்ளே காட்டும் வரைபடம்) அருகில் வந்து பார்த்து, அதைப் பற்றித் தங்களுக்குள்ளேயே வாதம் செய்கிறார்கள். படிப்புக் காலத்தில் இதற்கு மேல் ஒரு வாய்ப்பு எங்களுக்கு வராது. அந்த வாதத்தின் நடுவில் நிற்கும் மாணவருக்கு "நன்றி" என்று தலையாட்டியது மட்டும்தான் மறுநாள் ஞாபகம் இருக்கிறது. அதனால் பக்கத்தில் ஒரு நண்பரை நிறுத்தி, ஜூரி சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ளச் சொல்வது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். என்ன, அந்த நண்பரும் தூங்கியிருக்க மாட்டார்.

இது வெறும் புலம்பல் இல்லை. 1997-இல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் தூக்கமின்மையையும் மதுவையும் ஒரே சோதனையில் வைத்து ஒப்பிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் அந்த நிலையில் காரோட்டினால் வழக்கு உண்டு. அதே நிலையில் இருக்கும் ஒருவர் அதிகாலை மூன்று மணிக்கு எஃகு ஸ்கேலை இடது கையால் அழுத்திப் பிடித்து, பதினோராம் எண் பிளேடால் மவுண்ட் போர்டை அறுத்துக்கொண்டிருக்கிறார். விடிந்ததும் ஒரு பருவத்தின் வேலையை வாதிட்டு நிலைநாட்ட வேண்டியவரும் அவரேதான்.

ஜூரி முறை எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள்தான் எங்களுக்கு வரலாற்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தீர்கள். பாரிஸின் பழைய கலைப் பள்ளியான எக்கோல் தே போஸாரில் அந்தக் காலத்தில் மாணவர் ஜூரியின் முன்னால் நிற்பதே கிடையாது. வரைபடங்கள் மட்டும் உள்ளே போகும். கதவைச் சாத்திக்கொண்டு மதிப்பிடுவார்கள், முடிவு மட்டும் வெளியே வரும். ஏன் ஒரு வரைபடம் தோற்றது என்பதைப் பெரும்பாலும் தான் பயிலும் அத்தெலியேவின் (பட்டறையின்) ஆசிரியர் வழியாகத்தான் தெரிந்துகொள்ள முடியும். 1968 கிளர்ச்சிக்குப் பிறகு கட்டடக்கலைப் பயிற்சி அந்தப் பள்ளியிலிருந்தே பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் போக்கில், பல நாட்டுப் பள்ளிகளில் ஜூரியின் கதவு மெல்லத் திறந்தது. மாணவர் உள்ளே வந்தார், தன் வேலையைப் பற்றிப் பேசினார், மதிப்பிடுகிறவர்கள் சொல்வதைக் காதால் கேட்டார். மூடிய ஜூரியைவிடத் திறந்த ஜூரி மேல் என்று நாம் சொல்வதற்கு உள்ள ஒரே காரணம் அந்தக் காதுதான். அந்தக் காது வேலை செய்யாத நிலையில் மாணவரைக் கொண்டுவந்து நிறுத்துவதாக இருந்தால், கதவைப் பழையபடி சாத்திக்கொண்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தூக்கமாவது மிஞ்சும்.

இறுதி ஜூரியில் எங்களுக்கு எவ்வளவு விளங்குகிறது என்பதும் புதிய சந்தேகம் இல்லை. அமெரிக்கக் கட்டடக்கலைப் பேராசிரியர் கேத்ரின் அந்தோணி 1980-களிலேயே மாணவர்கள், ஆசிரியர்கள், தொழிலில் உள்ள கட்டடக்கலைஞர்கள் எல்லோரிடமும் கேட்டு இதை ஆராய்ந்தார். ஜூரியில், அதிலும் இறுதி ஜூரியில், மாணவர்கள் கற்றுக்கொள்வது குறைவு என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அமெரிக்கக் கட்டடக்கலை மாணவர் அமைப்பு 2002-இல் ஸ்டுடியோ பண்பாட்டைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்டுடியோக்களில் சொல்லாமலே பரவும் நம்பிக்கைகளை அது பட்டியல் போட்டது. நல்ல யோசனை நள்ளிரவில்தான் வரும், ஸ்டுடியோவில் அதிக நேரம் இருப்பவரே சிறந்த மாணவர், உடலை வருத்தாமல் இந்தப் படிப்பு வராது என்பவை அதில் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே அங்கீகாரம் வழங்கும் அமைப்பும் ஒவ்வொரு பள்ளியிடமும் ஸ்டுடியோ பண்பாடு பற்றிய கொள்கையை எழுத்தில் கேட்கத் தொடங்கியது. எழுத்தில் கேட்டதால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கால அட்டவணையில் இல்லாத கொள்கை, நோட்டீஸ் போர்டில்தான் இருக்கும்.

சரி, உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். நான்கு வருடமாகக் கேட்டுவருபவைதான்.

முதல் மறுப்பு, நேரத்தைத் திட்டமிடத் தெரியாததால்தான் நைட் அவுட் (இரவு முழுக்கத் தூங்காமல் வேலை செய்வது) என்பது. சிலருக்கு அது உண்மை. எங்கள் பேட்சிலும் பருவத்தின் முதல் பாதியைக் கான்செப்ட் பேசியே கழித்தவர்கள் உண்டு, அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் திட்டம் போட்டு வேலை செய்தவர்களும் அந்த இரவில் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜூரிக்குப் பத்து நாள் இருக்கும்போது டெஸ்க் கிரிட்டில் (மேசைக்கே வந்து வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது) "இந்த கோர் இங்கே வேலை செய்யவில்லை, நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்" என்கிறீர்கள். சொன்னது சரியாகவே இருக்கலாம். கோர், அதாவது லிஃப்டும் படிக்கட்டும், நடுவுக்கு வந்தால் தூண் வரிசை மாறும். தூண் மாறினால் பார்க்கிங் மாறும், நான்கு பிளான்களும் இரண்டு செக்‌ஷன்களும் மாறும், வெட்டி வைத்த மாடல் குப்பைக்குப் போகும். மாற்றாமல் விட்டால் "சொன்னேன், கேட்கவில்லை" என்ற வார்த்தை ஜூரியில் வரும். இதில் மாணவரின் திட்டமிடல் எங்கே இருக்கிறது?

இதற்கும் போஸாரில் ஒரு விதி இருந்தது. மாணவர் முதலில் தனி அறையில் அடைந்து, 12 மணி நேரத்தில் ஓர் எஸ்கீஸ் (முதல் யோசனையின் ஓவியம்) வரைந்து கொடுத்துவிட வேண்டும். பல வாரங்கள் கழித்து வரும் இறுதி வரைபடம் அந்த முதல் ஓவியத்தின் அடிப்படையை மீறினால் போட்டியிலிருந்தே வெளியே. கடுமையான விதி. யோசனை வளர வளர மாறக்கூடியது என்று நம்பும் நாம் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஏதோ ஒரு நாளில் பிளான் நிற்க வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் கட்டமைப்பைப் புரட்டும் மாற்றம் எதையும் ஆசிரியர் கேட்பதில்லை என்று ஸ்டுடியோக்களில் ஓர் உடன்பாடு இருந்தால் போதும். பெரிய குறை கண்ணில் பட்டால் "இது குறை, ஜூரியில் நீங்களே இதை எடுத்துச் சொல்லுங்கள், என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு ஸ்கெட்சில் காட்டுங்கள்" என்று சொல்லலாமே. குறையைத் தெரிந்துவைத்திருக்கும் மாணவருக்குத்தான் அதிகம் விளங்கியிருக்கிறது என்பது என் கட்சி.

இரண்டாவது மறுப்பு, வெளியே தொழிலில் இப்படித்தான், டெட்லைன் யாருக்கும் நிற்காது என்பது. தொழிலில் டெட்லைன் உண்டு, நெருக்கடி உண்டு, இரவு வேலையும் உண்டு. ஆனால் வரைபடத்தைக் கொடுத்த அதே மணி நேரத்தில் அதை மதிப்பிடும் வழக்கம் அங்கே எங்கே இருக்கிறது? சிட்னி ஓபரா ஹவுஸ் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடங்களைக் கொடுக்கக் கடைசி நாள் 1956 டிசம்பர் தொடக்கத்தில். நடுவர்கள் கூடிப் பார்த்தது ஜனவரியில். டென்மார்க்கின் கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சன் வென்றார் என்ற அறிவிப்பு வந்தது 1957 ஜனவரி 29 அன்று. சமர்ப்பிப்பது ஒரு வேலை, மதிப்பிடுவது இன்னொரு வேலை என்று தொழில் நெடுங்காலமாகப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒட்டிவைத்திருப்பது பள்ளிதான்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே வலுவான மறுப்பு. சப்மிஷனை இரண்டு நாள் முன்னால் தள்ளினால் நைட் அவுட்டும் இரண்டு நாள் முன்னால் போகும், அவ்வளவுதானே என்பது. ஆமாம், போகும். மறைக்க ஒன்றுமில்லை. கடைசி இரவு எந்தத் தேதியில் வந்தாலும் எங்களில் பலர் விழித்துத்தான் இருப்போம். நான் கேட்பது நைட் அவுட்டை ஒழிக்க அல்ல. அதற்குப் பிறகு தூங்கி எழுந்து, குளித்து, தன் ஷீட்டையே புதுக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிட்டு ஜூரிக்கு வர வேண்டும் என்பதற்காக. ஒரு நாள் இடைவெளி இதற்குப் போதாது. முதல் நாள் பிணம் போலத் தூங்கத்தான் சரியாக இருக்கும். இரண்டாவது நாள்தான் மனசு திரும்பி வேலைக்கு வருகிறது. என்ன சொல்ல வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், எந்தக் குறையைத் தானே முன்வைக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெளியும்.

இதில் உங்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் ஷீட்டுகளின் பிடிஎஃப் ஜூரி உறுப்பினர்கள் கையில் இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர் எங்கள் சைட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், புராஜெக்ட் பிரீஃபையும் (என்ன கட்டடம், என்னென்ன தேவை என்ற குறிப்பு) காரிலேயே படித்துவிட்டு வந்திருப்பார். முதல் சில நிமிடங்கள் வடக்கு எது, நுழைவாயில் எது என்று கண்டுபிடிப்பதில் போகும். காலையில் முதலில் வருகிறவருக்கு இது பரவாயில்லை, அவருக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும். பட்டியலின் கடைசியில் இருப்பவரின் நிலைமையை யாராவது கவனித்திருக்கிறீர்களா? அவர் முறை வரும்போது மாலையாகியிருக்கும். ஜூரியில் ஒருவர் கிளம்பியிருப்பார், இன்னொருவர் கிளம்பப் பார்த்துக்கொண்டிருப்பார். "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்பார்கள். ஒரு பருவ வேலைக்குக் கிடைக்கும் கருத்து "கிராஃபிக்ஸ் நன்றாக இருக்கிறது" என்பதோடு நின்றுவிடும். முன்கூட்டியே ஷீட்டைப் பார்த்துவிட்டு வரும் ஜூரிக்கு எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பது எளிது.

லேப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேசர் கட்டரும் பிளாட்டரும் கடைசி வாரத்தில் எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. ஆண்டுவாரியாக சப்மிஷன் நாளைத் தள்ளிவைத்தால் வரிசை பாதியாகும். அவசரத்தில்தான் தப்பான பலகை மெஷினுக்குள் போகிறது. பிவிசியை லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினுக்கும் கேடு. முதல் வாரப் பாதுகாப்பு வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறீர்கள். கடைசி இரவில் "அக்ரிலிக் மாதிரிதானே இருக்கிறது" என்று ஒருவர் எடுத்துவருவதைத் தடுக்க அங்கே யாரும் இருப்பதில்லை. காற்றோட்டமில்லாத அறையில் ஸ்ப்ரே பசை அடிப்பதும் அந்த நேரத்தில்தான்.

பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ள வேண்டியவர்கள், மருந்து எடுத்துக்கொள்வதால் இரவு விழிக்கவே கூடாதவர்கள் என்று ஒவ்வொரு பேட்சிலும் சிலர் இருக்கிறார்கள். கடைசி இரவில் எவ்வளவு சேர்க்க முடிகிறது என்பதே மதிப்பெண்ணைத் தீர்மானித்தால், டிசைனில் தோற்காமலே அவர்கள் தோற்கிறார்கள். 2016-இல் பிரிட்டனில் ஆர்க்கிடெக்ட்ஸ் ஜர்னல் இதழ் கட்டடக்கலை மாணவர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், பதில் சொன்னவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று மேல் மனநலச் சிகிச்சை பெற்றிருந்தார்கள் அல்லது பெற்றுக்கொண்டிருந்தார்கள். விரும்பிப் பதில் அனுப்பியவர்களின் கணக்கு என்பதால் அதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஜூரி ஒன்றுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கால அட்டவணை போடும் குழு ஒருமுறையாவது பேச வேண்டிய எண் அது என்று மட்டும் சொல்வேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்த மடலைப் படித்துவிட்டு இரவு பத்து மணிக்கு ஸ்டுடியோவைப் பூட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பூட்டினால் வேலை நிற்காது, ஆளாளுக்குத் தனி அறைக்குப் போய்ச் செய்வார்கள். ஸ்டுடியோவில் இருந்தால் பக்கத்து மேசைக்காரர் "உன் படிக்கட்டு ஹெட்ரூம் இடிக்குது, பாரு" என்று சொல்வார். பசை காயும்வரை மாடலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்கும். முதலாண்டு ஜூனியர், சீனியர் எப்படி செக்‌ஷனில் நிழல் போடுகிறார் என்று பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வார். இந்தப் படிப்பில் பாதி அங்கேதான் நடக்கிறது, சொல்லப்போனால் நல்ல பாதி. யார் எத்தனை நைட் அவுட் போட்டோம் என்று பதக்கம் போலச் சொல்லித் திரியும் பழக்கமும் அங்கேதான் வளர்கிறது, அதை நாங்கள்தான் விட வேண்டும். நீங்கள் அட்டவணையை மட்டும் பாருங்கள்.

எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே அடியாக மாற்றத் தயக்கமாக இருந்தால், அடுத்த பருவத்தில் மூன்றாம் ஆண்டுக்கு மட்டும் செய்து பார்க்கலாம். மதிப்பெண்ணை முந்தைய பருவத்தோடு ஒப்பிட வேண்டாம், அது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஜூரியில் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் எழுதிவைத்து, மற்ற ஆண்டுகளின் ஜூரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மாணவர்களிடம் ஜூரி என்ன சொன்னது என்று கேட்டு, அதையும் பதிவோடு ஒத்துப் பாருங்கள். பதிவு எழுத இறுதியாண்டிலிருந்து ஆட்களைத் தருகிறோம். பிளாட்டருக்கும் லேசர் கட்டருக்கும் ஆண்டுவாரியான நேரப் பட்டியலை நாங்களே போட்டு லேப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுகிறோம். வாங்கிய ஷீட்டுகளை அந்த இரண்டு நாளும் எந்த அறையில் பூட்டி வைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
இறுதியாண்டு கட்டடக்கலை மாணவர் ஒருவர்